புதன்கிழமை நேராக நடக்காதே

மகளுக்கு,

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீ போகப்போவதில்லை என்று உன் அம்மா வந்து சொன்னாள். முனிர்காவில் உன் அறை வரைக்கும் போய், நீ போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நீ சொன்னதை ஒரு சொல் குறையாமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இனிமே எவன் முன்னாடியும் நடந்து காட்ட மாட்டேன்னு அப்பாட்ட சொல்லிடு." சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. தான் சொல்லத் துணியாததை அடுத்தவர் சொன்னதாகச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அந்த மிடுக்கு வந்துவிடும். நீயும் நானும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது உன் அம்மா படித்துக்கொள்ளட்டும். உன்னோடு தங்கியிருக்கும் பெண்களுக்கு வேண்டுமானால் நீயே வாசித்துக் காட்டு; டெல்லியில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களாக எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் புதன்கிழமை போய்விடும். உன்னை மந்திர் மார்க் பள்ளிக்கு அனுப்பித் தமிழில் படிக்க வைத்தது இந்த ஒரு கடிதத்துக்காவது பயன்படட்டும்.

முதலில் விஷயம். பாதியில் கிழித்துப் போட்டாலும் இது உன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மெடிக்கல் போர்டு நாற்பது சதவீதம் என்று எழுதினால்தான் நீ ஊனமுற்றவள். ஒன்று குறைந்தாலும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை உனக்கு ஒன்றுமே இல்லை. போன முறை முப்பத்தைந்து எழுதினார்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஊனமுற்றோருக்கான வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிய முடியாது. பெயர் பதியாமல் ஒதுக்கீட்டில் வரும் குமாஸ்தா வேலைக்கு உன்னைக் கூப்பிட மாட்டார்கள். நேரு பிளேஸில் நீ டைப் அடிக்கிற கம்பெனியில் முதலாளிக்கு என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்கு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்பான். நான் எழுதிய மேல்முறையீட்டுக்கு இப்போது மறுபரிசோதனை கொடுத்திருக்கிறார்கள். இதன் முடிவே இறுதி என்று அந்தத் தாளிலேயே அடித்திருக்கிறது. நீ போகாவிட்டால் வரவில்லை என்று எழுதிக் கட்டி வைத்துவிடுவார்கள். உன் ரோஷத்தை அதில் எந்தப் பத்தியிலும் குறிப்பிட மாட்டார்கள்.

ஒரு காலைப் பார்ப்பதற்கு இத்தனை வருஷமா என்று நீ ஒருமுறை அம்மாவிடம் கேட்டாயாம். உனக்கு ஆபீஸ் தெரியாது. எனக்கு அது ஒன்றுதான் தெரியும், ஆகவே கேட்டுக்கொள். உன் விண்ணப்பம் ஒருவன் மேஜையில் மாதக்கணக்கில் கிடக்கிறது என்றால் அவனுக்கு உன்மேல் ஏதோ பகை என்று கற்பனை செய்யாதே. பகை இருந்தால் உன்னை ஞாபகம் வைத்திருப்பான். அவனுக்கு நீ ஒரு கட்டின் நடுவில் இருக்கும் காகிதம். போர்டு கூட வேண்டுமானால் எலும்பு டாக்டர், கண் டாக்டர், காது டாக்டர் எல்லோரும் ஒரே நாளில் உட்கார வேண்டும். கண் டாக்டர் தங்கை கல்யாணத்துக்குக் கான்பூர் போய்விட்டால் கால் போனவனும் வீடு திரும்ப வேண்டியதுதான். "ஆஜ் போர்டு நஹீ பைட்டேகா, பாபுஜி" என்று அங்கே வாசலில் நிற்கிற பியூன் சொல்வான். இன்றைக்கு இல்லை என்பதை அத்தனை உற்சாகமாகச் சொல்கிற மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிறகு உன் பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கிறது, ரேஷன் கார்டில் என் பெயர் உன் பெயருக்குப் பின்னால் தொங்குகிறது. இருவரும் ஒருவர்தானா என்று ஒரு கேள்வி எழுதித் திருப்பினார்கள். அதற்கு நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுத்து அனுப்பினால், தாள் மறுபடி கட்டின் அடியில் போய் உட்கார்ந்தது. அந்தக் கேள்வியை எழுதியவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே நின்று அழுகிறவர்களுக்கு நாங்கள் தண்ணீர் கொடுப்போம்; காகிதத்தை நகர்த்துவது, அது பதிவான டைரி எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மாதா மாதம் வந்து கேட்கிறவனுக்குத்தான். உனக்காக அப்படிப் போய்க் கேட்டவன் நான். என் கேஷுவல் லீவு முழுவதும் அதில் போயிற்று. உன் அம்மா அந்த நாட்களில் கோயிலில் விளக்குப் போட்டாள்.

உனக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து, இடது கால் துணி மாதிரி ஆனபோது, உன் அம்மாவின் அண்ணன் ஊரிலிருந்து எழுதிய கடிதத்தில் "டெல்லிக் குளிரில் குழந்தையை வளர்த்தால் இப்படித்தான்" என்று ஒரு வரி. வைத்தியச் செலவுக்குப் பணம் கேட்டு அவருக்குத் தந்தி அடித்திருந்தேன். வந்தது அந்த வரி. அவர் இறந்தபோது நான் போகவில்லை என்று உன் அம்மா இன்னும் குறைப்படுகிறாள். படட்டும். காய்ச்சலுக்குப் பிறகு உனக்கு இரும்புப் பட்டி வைத்த பூட்ஸ். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் நீ படியேறினால் மேல் மாடி வரைக்கும் சத்தம் கேட்கும். மாடி வீட்டுக்காரி தன் பிள்ளைகளிடம் "லங்டி ஆ கயி" என்பாள். நொண்டி வந்தாச்சு. நீ அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து அதே ராகத்தில் சொல்லிச் சிரித்தாய், அது உன் பெயர் என்று தெரியாமல். நீ வயதுக்கு வந்ததும் அந்த பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். டாக்டர் கூடாது என்றார். டாக்டரா உனக்கு வரன் பார்க்கப் போகிறார்?

கரோல் பாகில் ஒரு செருப்புத் தைப்பவனைப் பிடித்து இடது செருப்புக்குள் வெளியே தெரியாதபடி உயரம் வைத்தோம். சமையலறையிலிருந்து ஹாலுக்குத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்ததும் அதுதான் வேலை. "நேரா வா. இடுப்பை ஆட்டாதே. தரையைப் பாக்காதே." நீ அழுவாய். உன் அம்மா அது காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு ஏற்கெனவே கழுவின பாத்திரத்தைக் கழுவுவாள். சில வருஷங்களில் கற்றுக்கொண்டாய். மெதுவாக, கொசுவத்தைச் சற்றுத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு, எடையை எந்தக் காலில் எப்போது மாற்றுகிறாய் என்று எனக்கே தெரியாத அளவுக்கு நடந்தாய். கோயிலில் பார்த்தவர்கள் எவ்வளவு அடக்கமான பெண் என்றார்கள். மெதுவாக நடக்கிற பெண்ணெல்லாம் அடக்கமானவள் என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம்.

அதை நம்பித்தான் அந்தப் பேங்க் பையன் வீட்டாரை வரச் சொன்னேன். போர்டு உன்னைக் கூப்பிட்டிருந்த அதே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ நல்ல காலோடு இருக்க வேண்டும், ஒரு புதன்கிழமை கெட்ட காலோடு இருக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. இரண்டில் ஒன்றாவது பலிக்கும் என்றுதான் கணக்கு. நீ காபித் தட்டோடு கோட்டின் மேல் வந்தாய். கோடு அழிந்து வருஷங்களாகியிருந்தது, ஆனால் நீ அதன் மேல்தான் வந்தாய். பையனுடைய அத்தை, "பொண்ணு எவ்வளவு பதவிசா வரா பாரு" என்றாள் தன் தம்பியிடம். உன் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அப்போது அந்த அத்தை சொன்னாள்: "பெரியவாளுக்கெல்லாம் ஒரு நமஸ்காரம் பண்ணிடும்மா."

எந்தப் பெண் பார்க்கும் வீட்டிலும் சொல்லுகிற வார்த்தை. ஆனால் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. வீட்டில் பண்டிகை நாளில்கூட உன்னை நின்றபடி கைகூப்பினால் போதும் என்று பழக்கிவிட்டோம். நாளடைவில் நீ விழுந்து கும்பிட வேண்டிய ஒரு பெண் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். நான் விட்டத்தைப் பார்த்தேன். கீழே போவது சுலபம், போய்விட்டாய். எழுந்தபோது ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையை முழங்காலில் வைத்து, அப்புறம் தொடையில் வைத்து, உன் கால்மேலேயே கையால் ஏறி ஏறி நிமிர்ந்தாய். உன் அம்மா ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். அதுவரை சந்தேகமாக இருந்தவர்களுக்கும் அது தீர்ந்தது.

"என்ன சார், கால்ல ஏதாவது..." என்றார் பையனின் மாமா.

"சுளுக்கு. மாடிப்படில கால் பிசகிடுத்து," என்றேன்.

"சுளுக்கு இல்லை மாமா," என்றாய் நீ, காபித் தட்டை எடுத்தபடி. "போலியோ. ரெண்டு வயசுலேர்ந்து."

ஒருவரும் உன்னைக் கேட்கவில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். படியிறங்கும்போது மாமாவின் குரல் கேட்டது: "மொதல்லயே சொல்லியிருந்தா பஸ் மாறி மாறி வந்திருக்க வேண்டாமே. ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு." அந்தப் பையன் மட்டும் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான் என்று உன் அம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பதற்கு என்ன செலவு? நீ சுளுக்கு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும், பிறகு அவர்கள் பாடு. இதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாக எழுதினால் நீ நம்பவும் மாட்டாய்.

அதற்கடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரி. அந்த நடைபாதைப் பெஞ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் பெண்டாட்டியை உனக்கு நினைவிருக்கும். விழுப்புரத்துப் பக்கம். கட்டட வேலையில் கலவை இயந்திரம் அவன் வலது கையை முழங்கையோடு எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் பாரத்தை நீ வாங்கி நிரப்பிக் கொடுத்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. குப்பத்திலிருந்து வந்தவர்களோடு ஒரே பெஞ்சில் ஒரே காகிதத்துக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று. அந்தப் பெண் என்னைக் கேட்டாள், "ஏன் சார், பாப்பாவுக்கு இன்னா? நல்லாத்தானே இருக்குது?"

"இவ நொண்டி," என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார். புள்ள காதுல உழுது."

விழட்டும் என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்கு அறிவித்தாயே, அதைத்தான் நானும் அறிவித்தேன். அவளுடைய புருஷனைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவன் பெஞ்சின் சூடு ஆறுவதற்குள் வெளியே வந்தான், வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ஆச்சுதா?" என்றாள் அவள். "பாத்தாங்க, எழுதினாங்க," என்றான். கையில்லாத ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற இடத்துக்கு நான் வந்துவிட்டிருந்தேன். அவன் மறைக்க ஒன்றுமில்லை, மறைக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

பிறகு உன் பெயர். எலும்பு டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், நாடா வைத்து அளந்தார், "சல்கே திகாவ் பேட்டா," என்றார். நடந்து காட்டு. நான் கதவருகில் நின்றேன். உயரம் வைத்த செருப்பு, உன் அம்மா பார்த்துப் பார்த்துக் கொசுவிய புடவை, நிமிர்ந்த தலை. ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாய், ஒரு கல்யாணப் பெண் மாதிரி. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால்கூட அப்படி நடக்கவில்லை. "அச்சா! பஹுத் அச்சா சல்தி ஹை," நன்றாகவே நடக்கிறாள் என்று அவர் பக்கத்திலிருந்த சின்ன டாக்டருக்குக் காட்டினார். தரையில் உட்கார்ந்தால் இவளால் எழ முடியாது என்று நான் ஆரம்பித்தேன். "ஆப் பாஹர் ஜாயியே," என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அவர் பார்த்ததை எழுதினார்.

பஸ்ஸில் கேட்டேன், "எதுக்குடி அப்படி நடந்தே?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தேள்," என்றாய்.

அதுதான் கடைசியாக நாம் பேசியது. அடுத்த மாதம் துணியை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு முனிர்காவுக்குப் போய்விட்டாய். ஆட்டோவில் பெட்டியை ஏற்ற நான் வரவில்லை. நீயும் கூப்பிடவில்லை.

இப்போது புதன்கிழமை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புடவை வேண்டாம், சல்வார் போட்டுக்கொள், கால் எங்கே வளைகிறது என்று தெரியும். தட்டைச் செருப்பு. ஆட்டோவில் போகாதே, பஸ்ஸில் நின்றுகொண்டு போ, களைத்துப் போய்ச் சேர். பெஞ்சில் யாருக்கும் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு உற்சாகமாக உட்கார்ந்திருக்காதே. உள்ளே ஆங்கிலத்தில் பேசாதே. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவளுக்குக் கால் சரியாக இருப்பதாக அவர்களுக்குத் தோன்றும். நடக்கச் சொன்னால், காலையில் எழுந்து செருப்புப் போடுவதற்கு முன்னால் உன் அறையில் குடம் இருக்கிற மூலைக்கு எப்படிப் போகிறாயோ அப்படி நட. அந்த நடையை நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. உனக்கே மறந்திருந்தால் இந்த நான்கு நாளில் பழகிக்கொள். நடந்து முடித்ததும், தரையில் உட்கார்ந்து எழுந்து காட்டட்டுமா என்று நீயாகக் கேள். தேவையில்லை என்று அவர் பேனாவை எடுத்தால், அவர் காலில் விழு. ஆமாம், விழு. அந்த அத்தைக்குச் செய்த அதே நமஸ்காரம். ஆசீர்வாதம் கேட்கிறாய் என்று அவர் சங்கடப்பட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பார், இழுக்கட்டும். நீ எழுந்திருக்கும்போது அவர் பார்த்தே ஆக வேண்டும். யாராவது தூக்கிவிட வந்தால் கையைத் தட்டிவிடு. ஒரு மாப்பிள்ளையைத் துரத்தியது ஒரு வேலையைக் கொண்டுவந்து கொடுக்கட்டும்.

உனக்கு இது கேவலமாகத் தோன்றும். நடிக்கச் சொல்கிறார் என்று அம்மாவிடம் சொல்வாய். நடித்தது இத்தனை வருஷமும். ஒருநாள் நடிக்காமல் இரு என்கிறேன். இதில் எனக்கு என்ன என்று கேட்பாய். சொல்கிறேன். நீ அரசாங்க வேலையில் உட்கார்ந்துவிட்டால் உன்னை யாரும் எழுப்ப முடியாது. இந்த வீட்டு வாசலில் நீ எதற்காகவும் வந்து நிற்க வேண்டியிருக்காது, உன் அம்மா எனக்குத் தெரியாமல் டப்பாவில் குழம்பு எடுத்துக்கொண்டு முனிர்காவுக்கு அலைய வேண்டியிருக்காது, நான் யார் வீட்டுக்கும் உன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பல்லைக் காட்ட வேண்டியிருக்காது. அதன் பிறகு நீ என்னைப் பார்க்க வேண்டாம். நானும் அதைத்தான் விரும்புகிறேன்.

உன் அம்மா என்னையும் உன்னோடு போகச் சொல்கிறாள். பெண்ணைத் தனியாக அனுப்பலாமா என்று நேற்றிலிருந்து புலம்பல். போன முறை டாக்டர் நடக்கச் சொன்னதும் நீ அவரைப் பார்க்கவில்லை. கதவருகில் நின்ற என்னைப் பார்த்தாய். பார்த்த மாத்திரத்தில் உன் இடுப்பு நிமிர்ந்தது. கோபத்திலா, பழக்கத்திலா என்று நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன்; எதுவானாலும் நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான். நான் கேண்டீனிலோ பஸ் ஸ்டாப்பிலோ நிற்கக்கூடும் என்ற நினைப்பு இருந்தாலே நீ நேராக நடந்துவிடுவாய். ஆகவே புதன்கிழமை நான் லீவு போடவில்லை. ஆபீஸில் என் நாற்காலியில் இருப்பேன். செக்ஷன் டெலிபோன் எண் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் டெலிபோன் பூத் இருக்கிறது. உன் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அங்கிருந்து போன் செய். நான்தான் எடுப்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். என் குரல் காதில் விழுந்ததும் வைத்துவிடு. நான் அங்கே இல்லை என்று உறுதியாகிவிடும். பிறகு உள்ளே போய் நொண்டு.

அப்பா